மாமன் சீரில் பாப்பா விளையாட என்ன வைக்கலாம்?

கேள்வி: எங்களுக்கு மேலூர் பக்கம். அக்கா மகளுக்கு அடுத்த மாதம் ஒரு வயது நிறைகிறது. அழகர்கோவிலில் மொட்டை போட்டுக் காது குத்துகிறோம். தாய்மாமன் சீராகக் கம்மலும் உடுப்பும் எடுத்துவிடுவேன். அதுபோக, பாப்பா விளையாட மூவாயிரம் ரூபாய்க்குள் ஏதாவது வாங்க ஆசை. உள்ளே உட்கார்ந்து உருட்டும் வாக்கர், பேட்டரி கார், பாட்டுப் பாடும் பொம்மை என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது நல்லது?

பதில்: மூன்றும் வேண்டாம். முதலில் வாக்கரைச் சொல்லிவிடுகிறேன். அதில் உட்கார்ந்த பிள்ளை நுனிக்காலால்தான் உந்தும். தன் பாதத்தைக்கூடப் பார்க்க முடியாது. நடை சீக்கிரம் வரும் என்பது வெறும் நம்பிக்கை. வாசப்படியும் திண்ணையும் உள்ள வீட்டில் கண்ணிமைக்கும் நேரத்தில் உருண்டு குப்புற விழுந்துவிடும். கனடாவில் 2004-லேயே இதன் விற்பனைக்குத் தடை போட்டுவிட்டார்கள்.

அதற்குப் பதில் நம் ஊர் மர நடைவண்டி வாங்குங்கள். பாப்பா சுவரைப் பிடித்து எழுந்து, பிடித்தபடியே பக்கவாட்டில் நகர்கிறாளா? அப்படியென்றால் இதுதான் சரியான பருவம். கடையிலேயே கைப்பிடியை மேலிருந்து அழுத்திப் பாருங்கள். பிள்ளை அதைப் பிடித்துத்தான் எழும். வண்டி லேசாக இருந்தால் அவள் மேலேயே கவிழும். சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடாமல் கொஞ்சம் இறுக்கமாக இருக்கட்டும். டைல்ஸ் தரை என்றால் வண்டியின் அடிக்கட்டையில் இரண்டு கிலோ அரிசிப் பையைக் கட்டிவிடலாம். மரம் முழுக்க உள்ளங்கையால் தடவி, சிராய், ஆணி முனை, உரிந்துவரும் பெயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள். நடக்கும்போது பெரியவர் ஒருவர் கூடவே போகவேண்டும்.

அப்புறம், ஒரு வயதுப் பிள்ளைக்குக் கையில்தான் முழு உலகமும். பாட்டி முறத்தில் அரிசி புடைக்கும்போது பக்கத்தில் உட்காரும் பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள்: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒற்றை நெல்லைப் பொறுக்கும். டப்பாவில் போடும், கொட்டும், திரும்பப் போடும். பொம்மை தானாக ஆடிப் பாடினால், பேட்டரி கார் தானாக ஓடினால் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் எவர்சில்வர் கிண்ணங்கள் ஐந்தாறு, விளிம்பு மழுங்கியதாக எடுங்கள். டென்னிஸ் பந்து அளவில் துணிப்பந்து இரண்டு, தடித்த அட்டையில் மாடு, காக்கா, வாழைப்பழம் படம் போட்ட புத்தகம் ஒன்று. மதுரை புதுமண்டபத்தில் இருந்த கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகும் சாக்கில் அங்கேயும் பார்த்துவிட்டு வரலாம். எல்லாம் சேர்த்தாலும் உங்கள் மூவாயிரத்துக்குள் அடங்கிவிடும்.

கம்பெனி பொம்மை எடுத்தால் ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து எடுங்கள். 2021 ஜனவரி முதல் அது கட்டாயம். நாலு சென்டிமீட்டருக்குக் குறைவான எதுவும் தொண்டையில் சிக்கலாம். ஒட்டவைத்த கண் உள்ள கரடி, உதிரும் மணி வைத்த கொலுசு எல்லாம் இதில் சேரும். எனக்குப் பெரிய பயம் பொத்தான் பேட்டரிதான். பாட்டுப் பொம்மைகள் பலவற்றில் அது உண்டு. விழுங்கினால் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள் அரித்துவிடும். சந்தேகம் வந்தாலே போதும், காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். விழாவில் பலூன் கட்டினால், வெடித்த துண்டை உடனே பொறுக்க ஓர் ஆளை நியமியுங்கள். அந்த ரப்பர் மூச்சுக்குழாயை அடைத்துக்கொண்டால் எடுப்பது கஷ்டம். சீர்த் தட்டில் இருக்கும் கல்கண்டு, திராட்சை, சாக்லேட்டும் பாப்பாவின் கைக்கு எட்டவேண்டாம்.

கம்மலில் தொங்கட்டான் வேண்டாம். திருகு இறுக்கமாக இருக்கட்டும். அரைப் பவுன் என்றால் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு கிராமுக்குக் குறைந்த மோதிரம் போன்றவற்றுக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை, அதனால் அங்கே தெரிந்த கடையாகப் பாருங்கள். உடுப்பு? நம் ஊர் வெயிலுக்குப் பருத்திதான். சரிகையும் வலையும் மொட்டை போட்ட தலையையும் கழுத்தையும் உறுத்தும். ஒரு சைஸ் பெரிதாகவே எடுங்கள்.

மிச்சம் பணம் இருந்தால் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்க உதவுங்கள். 250 ரூபாய் போதும். ஆனால் மாமன் தொடங்க முடியாது, பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோதான் தொடங்கவேண்டும். பணத்தை அக்கா கையில் கொடுத்து, பாப்பாவின் பிறப்புச் சான்றிதழோடு தபால் ஆபீஸுக்குப் போகச் சொல்லுங்கள்.