பழைய காரில் பாயின்ட், ஈஜிஆர், வாக்குவம் குழாய்: கேள்வி பதில்

பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டால் பிக்கப் கூடுமா?

பிளக்கில் பொறி வரவைக்க, உயர் வோல்டேஜ் தரும் காயிலின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்தான் பாயின்ட், மாட்யூல் அதையே எலக்ட்ரானிக்காகச் செய்யும். பாயின்ட்டும் அது கருகாமல் காக்கும் கண்டன்சரும் நல்ல நிலையில் இருந்தால் ஓட்டும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. பலன் நாள்பட்டுத்தான் தெரியும். பாயின்ட்டின் குதிப் பகுதி கேமில் உரசித் தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங் (பொறி விழும் நேரம்) பின்வாங்கும். மாட்யூலில் உரசும் பாகம் இல்லாததால் ஒருமுறை வைத்த டைமிங் அப்படியே நிற்கும்.

வாங்குவதற்கு முன், பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அதைத் தாங்கும் புஷ் போய்விட்டது. வேகம் கூடும்போது பொறியை முன்னதாக்கும் அட்வான்ஸ் எடைகள் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இவற்றைச் சரி செய்யாமல் மாட்யூல் போடுவது வீண். பிளக் வயர் வெறும் செம்புக் கம்பியாக இருந்தால் ரெசிஸ்டர் வயருக்கு மாறுங்கள். அதிலிருந்து வரும் மின் இரைச்சல் மாட்யூலைக் குழப்பும்.

முக்கியமாக, எஞ்சின் ஓடாதபோது சாவியை ஆனில் விட்டு வைக்காதீர்கள். காயிலும் மாட்யூலும் வெந்துபோகும்.

ஸ்டார்ட் ஆகிறது, சாவியை விட்டதும் நின்றுவிடுகிறது. மாட்யூல் போச்சா?

பெரும்பாலும் இல்லை. பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் வோல்டேஜைக் குறைப்பது) உள்ள வண்டிகளில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரியின் முழு வோல்டேஜும் காயிலுக்கு நேராகப் போகும். சாவியை விட்டதும் ரெசிஸ்டர் வழியாகப் போகும். அந்த ரெசிஸ்டரோ, சாவி சுவிட்சின் ரன் இணைப்போ அறுந்திருக்கும். மீட்டர் வைத்துப் பாருங்கள். ரெசிஸ்டரை நீக்கி நேராக இணைக்க நினைத்தால் முதலில் காயிலை அளந்து பாருங்கள்: பிரைமரி சுருள் 3 ஓம் அளவில் இருந்தால் 12 வோல்ட் தாங்கும், 1.5 ஓம் காயில், பாயின்ட்டோடு சேர்ந்து கருகும்.

ஈஜிஆர், ஏர் பம்ப், பிசிவி போன்ற புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் எல்லாவற்றையும் கழற்றிவிடலாமா?

பிசிவியைத் தொடாதீர்கள். எஞ்சினின் அடிப்பாகமான கிராங்க்கேஸின் ஆவியை வெளியே இழுப்பது அதுதான். அடைத்தால் ஆயில் கெட்டுச் சேறாகும், சீல்கள் ஒழுகும். கரி கேனிஸ்டரையும் விட்டுவிடுங்கள். பெட்ரோல் ஆவியை அது பிடித்து வைப்பதால் எஞ்சின் பலம் ஒன்றும் குறையாது. ஈஜிஆர் கொஞ்சம் புகையைத் திரும்ப உள்ளே விட்டு எரிப்பின் உச்ச வெப்பத்தைக் குறைக்கிறது, நைட்ரஜன் ஆக்சைடு குறைகிறது. அதை மட்டும் மூடிவிட்டு டைமிங்கைப் பழையபடியே விட்டால் பாதி ஆக்சிலரேட்டரில் நாக்கிங் (எஞ்சின் தட்டும் சத்தம்) கேட்கும். உங்கள் வண்டியின் ஆண்டுக்குச் சட்டம் எதைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

வாக்குவம் அட்வான்ஸ் குழாயை எங்கே மாட்டுவது? கார்பரேட்டர் போர்ட்டிலா, மேனிஃபோல்டிலா?

எஞ்சின் உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தால் (வாக்குவம்) பொறியை முன்னதாக்குவது வாக்குவம் அட்வான்ஸ். கார்பரேட்டரிலிருந்து எஞ்சினுக்குக் கலவை போகும் குழாய் மேனிஃபோல்டு, போர்ட் என்பது கார்பரேட்டரிலேயே உள்ள துளை. என் ஓட்டு மேனிஃபோல்டுக்கு. ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) கலவை மெதுவாக எரியும், பொறி முன்னதாக வேண்டும். போர்ட்டில் மாட்டினால் ஐட்லிங்கில் வாக்குவம் வராது. பொறி தாமதமாகி எக்ஸாஸ்ட்டும் ரேடியேட்டரும் சூடாகும்.

நீங்கள் சொல்வது தவறு. போர்ட் இணைப்பு புகைச் சட்டங்களுக்காக வந்தது என்பார்கள், அது அவற்றுக்கு முன்பே இருந்தது.

இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் புகைக் கட்டுப்பாட்டுக் காலத்து வண்டிகள் பலவற்றில் ஒரு வெப்ப சுவிட்ச் உண்டு. கூலன்ட் அதிகமாகச் சூடானால் அது குழாயை மேனிஃபோல்டுக்கு மாற்றிவிடும். எஞ்சினைக் குளிர வைக்கத் தயாரித்தவர்களே தேர்ந்தெடுத்த வழி அது.

வால்வுகளை அதிகம் திறக்கும் பெரிய கேம் போட்ட எஞ்சினில்?

இது நியாயமான கேள்வி. அங்கே ஐட்லிங் வாக்குவம் குறைவு, அதுவும் நிலையாக நிற்காது. பொறியை முன்தள்ளும் வாக்குவம் கேனின் சவ்வான டயாஃப்ரம் துடித்து டைமிங் அலையும். குறைந்த வாக்குவத்திலேயே முழுதாக இழுக்கும் கேன் கிடைத்தால் மேனிஃபோல்டு. இல்லையென்றால் போர்ட்தான் சரி. சீராக ஓடும்போது இரண்டிலும் ஒரே வாக்குவம்தான், முழு ஆக்சிலரேட்டரில் இரண்டிலும் ஏறக்குறைய இல்லை. ஆகவே இந்தச் சண்டை ஐட்லிங்கைப் பற்றியது மட்டுமே.

எந்த மாட்யூல் நல்லது?

மேலே முதல் பதில். ஷாஃப்ட்டை ஆட்டிப் பார்த்தீர்களா?

மாட்யூல் போட்டால் மைலேஜ்?

அதே பதில்தான்.

பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்த) வண்டிக்கு?

அதற்கென்றே செய்த மாட்யூல் வாங்குங்கள். மாற்றி மாட்டினால் அந்த நொடியே போய்விடும். சாவியை ஆனில் விடக்கூடாது என்பது இதற்கும் பொருந்தும்.

டைமிங் லைட் (பொறி விழும் நேரத்தைக் காட்டும் விளக்கு) வைக்கும்போது வாக்குவம் குழாய் இருக்கலாமா?

பெரும்பாலான வண்டிகளில் கழற்றி, வாயை அடைத்துவிட்டு, மேனுவல் சொல்லும் ஆர்பிஎம்மில் பாருங்கள்.