மேடைக் கண்ணீர் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். போன மாதம் எங்கள் ஊர் ஜங்ஷனில் ஒரு கட்சிக் கூட்டம் நடந்தது. பேச வந்த தலைவர், தன் அம்மா கூலி வேலைக்குப் போய்த் தன்னைப் படிக்கவைத்ததைச் சொல்லும்போது தொண்டை அடைத்து நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்த என் மாமனார் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், "நல்ல மனுசன்" என்றார். ரப்பர் விலை, ரோடு, குவாரி லாரி, எதைப் பற்றியும் அவர் வாயே திறக்கவில்லையே மாமா என்றேன். "அவனுக்க கண்ணீரு பொய்யாம்மா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

உணர்ச்சியைத் தொட்டுப் பேசுவதே ஏமாற்றுதானா? இவரை நம்பலாம் என்ற பெயரை இவர்கள் எப்படிச் சம்பாதிக்கிறார்கள்? இன்னொன்றும் உறுத்துகிறது. பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும்போது நானும், "இங்க குரலைத் தாழ்த்து, இங்க ஒரு நிமிசம் நிறுத்து, நடுவர் கண் கலங்கணும்" என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன்.

ர., தக்கலை

*

அன்புள்ள ர.,

மாமனார் கேட்டது நல்ல கேள்வி. அந்தக் கண்ணீர் பொய் என்று நாம் நிரூபிக்க வேண்டிய தேவையே இல்லை. மெய்யாகவே இருக்கட்டும். அது எதற்குச் சாட்சி என்பதுதான் விஷயம். அவருக்குத் தன் அம்மாமேல் பாசம் உண்டு என்பதற்குச் சாட்சி. அந்த அம்மா பட்ட பாட்டுக்குச் சாட்சி. உங்கள் ஊர் வழியாகப் போகும் குவாரி லாரியை அவர் தடுப்பாரா என்பதற்கு அந்தக் கண்ணீரில் எந்தச் சாட்சியும் இல்லை. ஓரிடத்தில் கிடைத்த நம்பிக்கையைச் சத்தமில்லாமல் வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய்ச் செலவழிப்பது, மேடைப் பேச்சின் பெரிய வித்தை அதுதான். அழ வைப்பதெல்லாம் அதற்கு முந்தைய வேலை.

இதற்கு ஒரு பாடம் மாதிரியே அமைந்தது அமெரிக்காவில் ரிச்சர்ட் நிக்சன் 1952 செப்டம்பர் 23 அன்று தொலைக்காட்சியில் பேசிய பேச்சு. துணை ஜனாதிபதி வேட்பாளர் அவர். ஆதரவாளர்கள் அவருக்காக 18,000 டாலர் திரட்டி வைத்திருந்தார்கள் என்று குற்றச்சாட்டு. வேட்பாளர் பட்டியலிலிருந்தே தூக்கிவிடுவார்கள் என்ற நிலை. அன்றைக்கு அவர் தன் வீட்டுக் கடன், சொத்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். மனைவிக்கு விலையுயர்ந்த ரோமக் கோட்டு கிடையாது, சாதாரணத் துணிக் கோட்டுதான் என்றார். பிறகு, டெக்சாஸிலிருந்து ஒருவர் தன் பெண்குழந்தைகளுக்கு ஒரு நாய்க்குட்டி அனுப்பினார், ஆறு வயது மூத்தவள் அதற்கு செக்கர்ஸ் என்று பேர் வைத்திருக்கிறாள், யார் என்ன சொன்னாலும் அதைத் திருப்பித் தரமாட்டோம் என்றார். ஆதரவுத் தந்திகள் வந்து குவிந்தன. நிக்சன் தப்பித்தார்.

அந்த நாய்க்குட்டியைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. உங்கள் ஊர் மேடையில் அந்த அம்மாவைப் பற்றியும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்காத கேள்விக்கு ஒருவர் உருக்கமாகப் பதில் சொல்லத் தொடங்கினால், கேட்ட கேள்வி எங்கே போயிற்று என்று பார்த்துக்கொள்வது நல்லது. நிக்சன் அன்று சொன்ன கணக்கெல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு நல்ல குடும்பத் தகப்பன் என்று அன்று கிடைத்த பேரை வைத்து இருபது வருடத்துக்கு மேல் அரசியல் செய்தார். 1974-ல் வாட்டர்கேட் விவகாரத்தில் பதவி விலக வேண்டிவந்தது. குடும்பப் பாசத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அதற்காக, உணர்ச்சியே இல்லாமல் புள்ளிவிவரம் வாசிப்பவர்தான் யோக்கியன் என்று நினைத்துவிட வேண்டாம். அப்படிப்பட்ட பேச்சுகளை நாகர்கோவில் நாகராஜா திடலில் நிறையக் கேட்டிருக்கிறேன். புள்ளிவிவரத்தில் பொய் சொல்வது கண்ணீரில் பொய் சொல்வதைவிடச் சுலபம்.

அரிஸ்டாட்டில் இதை 2300 வருடங்களுக்கு முன்னாலேயே பேசியிருக்கிறார். ஒருவரை இணங்கவைக்க மூன்று வழி என்பார்: பேசுகிறவரின் குணம், கேட்பவரின் உணர்ச்சி, சொல்லும் வாதம். மூன்றில் குணத்துக்குத்தான் வலு அதிகம் என்பது அவர் கட்சி. உணர்ச்சியை அவர் ஒரு மயக்கமாகப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. கோபம் என்றால் யார்மேல், எதற்காக, எந்த மனநிலையில் என்று கேட்கிறார். அதாவது கோபத்துக்குக் காரணம் உண்டு, காரணத்தைச் சரிபார்க்கலாம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் பிறப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று நாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தோம். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. தமிழ்ப் பகுதிகள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடியவர்கள் செத்து விழுந்தார்கள். அந்த மாநிலத்தில் ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுபிள்ளையின் பிரஜா சோசலிஸ்ட் அரசு. அந்தக் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியாவே, இந்த அரசு ராஜினாமா செய்ய வேண்டும் என்றார். அப்போது இங்கே இருந்த கோபத்தை யாரும் செய்து தரவில்லை. யார்மேல், எதற்காக என்று அரிஸ்டாட்டில் வந்து கேட்டிருந்தாலும் விளவங்கோட்டில் எந்தப் பாட்டியும் பதில் சொல்லியிருப்பாள்.

அந்தப் போராட்டத்தின் தலைவர் மார்ஷல் நேசமணியின் பேச்சு அங்கே எடுபட்டதற்குக் காரணமும் குரல்வளம் மட்டும் இல்லை. நாகர்கோவில் நீதிமன்றத்தில் வக்கீல்களுக்குள்ளேயே சாதி பார்த்து இருக்கை போட்டிருந்த காலத்தில், அதை அவர் எதிர்த்து நின்ற கதையை இன்றும் இங்கே சொல்வார்கள். எதைப் பற்றிப் பேசினாரோ அதே விஷயத்தில் அடிபட்டவர். நம்பிக்கை சம்பாதித்த இடமும் செலவழித்த இடமும் ஒன்றாகவே இருந்தன. கேட்டது முழுக்கக் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டோடு சேரக் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயிற்று. ஆனாலும் அவர் பேர் கெடவில்லை. 1967-ல் நாகர்கோவில் தொகுதியில் மக்கள் அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

இதன் மறுபக்கம்தான் இன்னும் ருசியானது. தேவிகுளம், பீர்மேடு விஷயத்தில் காமராஜர், "குளமாவது மேடாவது" என்று சொன்னதாக இன்றைக்கும் ஒரு குறை உண்டு. அப்படியே சொன்னாரா என்று வாதாடுகிறவர்களும் உண்டு. எப்படியானாலும், இங்கே மக்கள் எந்த உணர்ச்சியில் கொதித்தார்களோ அதைத் தடவிக்கொடுத்து ஓட்டு வாங்கும் ஆள் அவர் இல்லை. அந்தக் காமராஜர் 1967-ல் சொந்த ஊரான விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் 1285 ஓட்டில் தோற்றார். அடிபட்டுப் படுத்திருந்தவர், "படுத்துக்கொண்டே ஜெயிப்பேன்" என்று சொன்னதாகச் சொல்வார்கள். அரிசிப் பஞ்சத்தில் ஜனம் வரிசையில் நின்ற வருடம் அது. தன் பேர்மேல் தானே வைத்த நம்பிக்கை ஒருவரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டாம். அதே தேர்தலில்தான் எம்.ஜி.ஆரின் கழுத்துக் கட்டுப் படம் சுவரெல்லாம் ஒட்டப்பட்டது. ஜனவரி 12-ல் சுடப்பட்டவர், ஆஸ்பத்திரியில் படுத்தபடியே பரங்கிமலையில் ஜெயித்தார். படுத்துக்கொண்டே ஜெயித்தது அவர்தான்.

நேசமணி 1968-ல் இறந்ததும் நாகர்கோவிலில் இடைத்தேர்தல். 1969 ஜனவரியில் காமராஜர் இங்கே வந்து நின்றார். மாநிலத்தில் ஆட்சி தி.மு.க. கையில். அவர்கள் ஆதரித்த வேட்பாளரை 1,28,000-க்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். குளமும் மேடும் மறந்துபோகிற ஜனமா நாம்? இல்லை. அவர் காலத்துத் திட்டமான மாத்தூர் தொட்டிப்பாலம் அதற்குள் முடிந்து நின்றது. 115 அடி உயரத்தில் பறளியாற்றைத் தாண்டித் தண்ணீர் வருவதைக் கல்குளத்துக்காரன் கண்ணால் பார்த்திருக்கிறான். பிள்ளைகள் மதியம் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டு வருவதையும் பார்த்திருக்கிறான். அப்பச்சி என்று கூப்பிட்டது வெறும் செல்லத்தில் இல்லை. 1971-லும் அவரையே அனுப்பினார்கள்.

இந்தக் கதையில் என்னைச் சங்கடப்படுத்தும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சம்பாதித்த நம்பிக்கை அழுகையைவிட ஆபத்தானது. அழுகிறவரை நாளைக்கு வெயில் ஏறியதும் கொஞ்சம் சந்தேகப்படுவோம். "அவரு சொன்னா சொன்னதுதான்" என்று ஆகிவிட்டவரிடம் கணக்குக் கேட்க நாக்கு எழாது. அவர் போன பிறகு அந்தப் பேரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடமும் எழாது. வெளியூரிலிருந்து நம் மாவட்டத்துக்குப் பேச வருகிறவர்கள் எப்படி ஆரம்பிக்கிறார்கள் என்று கவனித்திருப்பீர்கள். நேசமணி பிறந்த மண்ணே, ஜீவா பிறந்த மண்ணே, கலைவாணர் பிறந்த மண்ணே, வணங்குகிறேன். முதல் கைதட்டல் அங்கேயே விழுந்துவிடும். அடுத்த வீட்டு நகையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்த கதைதான். எந்தக் கட்சி என்றெல்லாம் கேட்காதீர்கள், எல்லாக் கட்சிக் கழுத்திலும் அதே நகை கிடக்கிறது.

கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா பேரைச் சொன்னதால் ஒன்று. பூதப்பாண்டியில் பிறந்த அவருக்குக் குரலும் உண்டு, கறைபடாத வாழ்க்கையும் உண்டு. தாம்பரத்தில் குடிசையில் இருந்தவர். 1952-ல் வண்ணாரப்பேட்டையில் ஜெயித்தார். அடுத்த தேர்தலில் அங்கேயே தோற்றார். உணர்ச்சியும் நாணயமும் சேர்ந்தால் வெற்றி நிச்சயம் என்று பேச்சுப் பயிற்சி வகுப்பில் சொன்னால் நம்ப வேண்டாம்.

அரிஸ்டாட்டிலோடு எனக்கு ஒரு சின்னச் சண்டை உண்டு. பேசுகிறவர்மேல் வரும் நம்பிக்கை அந்தப் பேச்சிலிருந்தே பிறக்க வேண்டும், முன்பே உள்ள பேரிலிருந்து வரக்கூடாது என்பார். நம் ஊரில் இது நடக்கிற காரியமா? மைக்கைப் பிடிக்கும் முன்பே அப்பா யார், சாதி என்ன, எந்தச் சபை, எந்தக் கோயில் என்று எடைபோட்டு முடித்துவிடுகிறோம். ஆனால் அவர் சொன்னது நடந்த சந்தர்ப்பமும் உண்டு. 1933 மார்ச்சில் அமெரிக்காவில் வங்கிகள் எல்லாம் மூடிக் கிடந்தன. ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாகி எட்டே நாள். ஞாயிற்றுக்கிழமை இரவு ரேடியோவில் பேசினார். நீங்கள் போட்ட பணத்தை வங்கி பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, கடனாகவும் முதலீடாகவும் வெளியே விடுகிறது, எல்லாரும் ஒரே நாளில் வந்து கேட்டால் எந்த நல்ல வங்கியாலும் தர முடியாது என்று, சீட்டுப் பணம் போட்ட ஆளுக்கும் புரிகிற மாதிரி விளக்கினார். மறுநாள் வங்கிகள் திறக்கத் தொடங்கியபோது ஜனம் பணத்தைத் திரும்பக் கொண்டுவந்து கட்டியது. மக்களின் பயத்தைத்தான் அவரும் தொட்டார். தொட்டுவிட்டு அந்தப் பயத்துக்கான காரணத்தை அவர்களிடமே பிரித்துக் காட்டினார். மூன்று நாளுக்கு முன்பே நாடாளுமன்றத்தில் அவசர வங்கிச் சட்டமும் கொண்டுவந்திருந்தார் என்பதால் வெறும் பேச்சாகவும் போகவில்லை.

2017 ஒக்கிப் புயலை நினைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 30-ல் அடித்த காற்றில் கடலில் இருந்தவர்கள் திரும்பவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று வீடுவீடாகப் பேர் எழுதி தேவாலயப் பங்குகளில் பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலும் அரசு சொன்ன எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. விழிஞ்ஞத்துக்கு வந்த கேரள முதல்வர் பினராயி விஜயனை மக்கள் சூழ்ந்துகொண்டு கோஷம் போட்டார்கள். மத்திய அமைச்சர் நிர்மலா சீதாராமன் அங்கே போனபோது கைகூப்பித் தமிழில் பேசினார், கூட்டம் கொஞ்சம் அடங்கியது. எல்லாக் கட்சித் தலைவர்களும் நம் கடற்கரைக்கும் வந்தார்கள், ஆறுதல் சொன்னார்கள். கைகூப்பியதைக் குறை சொல்ல மாட்டேன், அந்த நேரத்தில் அதுவும் தேவை. ஆனால் டிசம்பர் 7-ல் ஆயிரக்கணக்கில் வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்கள் ஆறுதல் கேட்டு வரவில்லை. எத்தனை பேர், எங்கே தேடினீர்கள், எங்கள் ஆளையும் தேடுகிற கப்பலில் ஏற்றுங்கள் என்றுதான் கேட்டார்கள். உணர்ச்சியின் உச்சத்தில் இருந்த கூட்டம்தான் அது. கேள்விகளோ அவ்வளவு துல்லியம். உணர்ச்சி வந்தால் ஜனத்துக்குப் புத்தி மழுங்கிவிடும் என்று நினைக்கிற படித்தவர்கள் குழித்துறையைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மாமனாருக்கும் இதே மரியாதையைக் கொடுங்கள். அவர் அழுததில் குற்றமில்லை, அந்த ஆளை நல்லவர் என்றதிலும் இல்லை. "நல்லவர்தான் மாமா, குவாரி விஷயத்தில் இதுவரை என்ன செய்தார்?" என்று மட்டும் கேளுங்கள். நல்லவரா கெட்டவரா என்று வாதம் செய்யப் போனால் வீட்டில் சோறு கிடைக்காது.

கடைசியாக உங்கள் பிள்ளைகள். குரலைத் தாழ்த்து, நிறுத்து என்று சொல்லிக்கொடுப்பதில் தப்பு ஒன்றுமில்லை, அது தொழில். நான் நடுவராகப் போகிற போட்டிகளில் ஐந்து நிமிடப் பேச்சு முடிந்ததும் பிள்ளை வணக்கம் சொல்லி இறங்கிவிடும், அதோடு சரி. நீங்கள் பள்ளி அளவிலாவது ஒன்று செய்து பாருங்கள். பேசி முடித்ததும் கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் ஒருவர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். மேடையில் நிற்கிற பிள்ளை எழுதி வைத்ததைப் பார்க்காமல் பதில் சொல்லட்டும். பாதி மதிப்பெண் அதற்கு. நல்ல கேள்வி கேட்ட பிள்ளைக்கும் ஒரு பரிசு வையுங்கள். முதல் தடவை எல்லாரும் முழிப்பார்கள். இரண்டாம் பருவத்தில் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்