தோளில் கத்தி படவே இல்லை, தோள் ஏன் வலிக்கிறது?

கோலாலம்பூரில் அறுவைச் சிகிச்சை வார்டுகளில் நெடுங்காலம் தாதியாகப் பணியாற்றிய அக்கா ஒருவர், லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளைகளிட்டு, கேமராவை விட்டுச் செய்யும்) அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் தோள்வலி பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

செந்தூல் வாசகர்: நேற்று முன்தினம் பித்தப்பையை எடுத்தார்கள். வயிற்றுத் தையலைவிட வலது தோள்தான் உயிரை வாங்குகிறது. மயக்கத்தில் இருந்தபோது தோளைத் திருகிவிட்டார்களா?

பயப்படாதீர்கள் தம்பி. இது பெரும்பாலும் வாயுவால் வருகிற வலி. கேமராவை உள்ளே விட்டுப் பார்க்க இடம் வேண்டும் என்பதால், கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்ப வைப்பார்கள். முடிந்ததும் வெளியேற்றிவிடுவார்கள், ஆனாலும் கொஞ்சம் தங்கிவிடும். அது மேலேறி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்துகிறது. அந்தத் தசைக்கான நரம்பு கழுத்தின் 3, 4, 5ஆம் நரம்புகளிலிருந்து வருகிறது. தோள்பட்டையின் மேற்புறத்துக்கும் 3, 4ஆம் நரம்புகளிலிருந்தே உணர்ச்சி போகிறது. அதனால் உதரவிதானத்தின் உறுத்தலை மூளை தோள்வலியாக எடுத்துக்கொள்கிறது.

இதை அறுவைக்கு முன்பே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது. சொல்லாததால் எத்தனை பேர் இரவு முழுக்க மாரடைப்போ என்று நடுங்கியிருக்கிறார்கள்!

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி: எத்தனை நாள் இருக்கும்?

முதல் இரண்டு நாள்தான் கடுமை. பலருக்கு மூன்று நான்கு நாளில் அடங்கும், சிலருக்கு ஒரு வாரம் இழுக்கும்.

செராஸ் வாசகி: அம்மாவுக்கு இதே முறையில் கருப்பையை எடுத்தார்கள். உட்கார்ந்தால் தோள் வலிக்கிறது, படுத்தால் குறைகிறது. படுத்தே இருக்கட்டுமா? பாட்டி ஓமத் தண்ணீர் கொடுக்கிறார்.

மட்டமாகப் படுத்தால் வாயு உதரவிதானத்தை விட்டு நகரும், அதனால்தான் சுகம். வலி மிஞ்சும்போது படுக்கட்டும், ஆனால் நாள் முழுக்க வேண்டாம் அம்மா. வீட்டுக்குள்ளேயோ அடுக்குமாடி நடைபாதையிலோ அடிக்கடி சிறிது நடக்கட்டும். காலில் இரத்தம் உறையாமல் இருக்கவும், குடல் மீண்டும் இயங்கவும் நடைதான் துணை. வயிற்றின் மேல் தலையணையை அணைத்துக்கொண்டு மெதுவாக ஆழ மூச்சு விடச் சொல்லுங்கள்.

ஓமத் தண்ணீர் கொடுக்கலாம். ஆனால் அது குடலில் உள்ள வாயுவுக்கு. தோளை வலிக்க வைக்கும் வாயு குடலுக்கு வெளியே இருக்கிறது, ஏப்பமாகப் போகாது. இரத்தத்தில் கரைந்து நுரையீரல் வழியாக மூச்சில்தான் வெளியேறும். அதற்குக் கொஞ்சம் காலம் தேவை.

கெப்போங் வாசகர்: பனடோல் போதுமா? கோடாலித் தைலம் தேய்க்கலாமா?

கல்லீரல் கோளாறு இல்லாத பெரியவர்கள் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டை ஆறு மணி நேர இடைவெளியில் எடுக்கலாம். ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது. மருத்துவமனை தந்த மாத்திரைகளிலும் பாராசிட்டமால் (பனடோலில் உள்ள மருந்து) உண்டா என்று முதலில் பாருங்கள். மிதமான சூட்டு ஒத்தடம் நல்லது. தைலத்தைத் தோளோடு நிறுத்துங்கள், காயத்தின் பக்கம் போகவே கூடாது.

செத்தாப்பாக் வாசகி: என் கணவருக்கு இடது தோளில் வலி. அதுவும் வாயுதானா?

வாயு இடப்பக்கமும் வலியைத் தரும். ஆனால் நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி இருந்தால் உடனே 999க்கு அழையுங்கள். வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தாலும் உதரவிதானம் உறுத்தும், தோள் வலிக்கும். ஆகவே தலைசுற்றல், முகம் வெளிறல், வயிறு கல்லாக உப்புதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். காய்ச்சல், கண் மஞ்சளாதல், ஒரு கால் மட்டும் வீங்குதல், நாளுக்கு நாள் கூடும் வலி இவற்றோடும் வீட்டில் காத்திருக்காதீர்கள்.

கோம்பாக் வாசகர்: பித்தப்பை எடுத்து மூன்று வாரம். தோள்வலி போய்விட்டது. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுக்கலாமா?

உங்கள் வேண்டுதலின் கனம் எனக்குப் புரிகிறது. ஆனால் தோள்வலி போனதற்கும் வயிற்றுச் சுவர் ஆறுவதற்கும் தொடர்பில்லை. தொப்புளருகே உள்ள துளை முழுதாக ஆறுமுன் பாரம் தூக்கினால் அங்கே குடலிறக்கம் வரலாம். 272 படி, நெரிசல், வெயில், தலையில் குடம்: உங்கள் அறுவை மருத்துவர் சரி என்று சொல்லாமல் எடுக்காதீர்கள். அவர் நடக்க மட்டும் அனுமதித்தால், குடத்தை வீட்டில் வேறொருவர் எடுக்கட்டும். நீங்கள் வெறுங்கையோடு, நின்று நின்று ஏறுங்கள்.