கூனியும் கிரில்லும்

கேள்வி: தேவகோட்டையில் நாங்கள் வாங்கும் சென்னாக்கூனியும், அண்டார்டிக் கடலில் திமிங்கலங்கள் தின்னும் கிரில்லும் ஒன்றுதானா? கிரில் சில இடங்களில் மட்டும் திரளாகக் கூடுவது ஏன்?
– வாசகி ஒருவர், தேவகோட்டை

பதில்: இரண்டும் ஒன்றல்ல. கூனி இறாலுக்கு நெருங்கிய உறவு. அதன் செவுள்கள் மேலோட்டுக்குள் மறைந்திருக்கும். கிரில்லுக்கோ அவை கால்களின் அடியில் இறகுபோல வெளியே தெரியும். உயிருள்ள கிரில்லின் உடல் கண்ணாடியைப் போன்றது என்பதால், பாசி தின்று நிறைந்த வயிறு பச்சையாகத் தெரிவதையும் பார்க்கலாம். அண்டார்டிக் கிரில் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் வரை வளரும்.

இரண்டாவது கேள்விதான் சுவையானது. கிரில் நன்றாகவே நீந்தும். ஆனால் பெருநீரோட்டத்தை எதிர்த்து நெடுந்தூரம் செல்ல அதனால் இயலாது. எனவே அது எங்கே போய்ச் சேரும் என்பதைப் பெரும்பாலும் நீரோட்டமும், அங்கே தங்குமா என்பதைக் கடலடியின் மேடுபள்ளங்களும் தீர்மானிக்கின்றன. மழைக்குப்பின் வரத்துக்கால் வழியே ஊரணிக்குள் பாயும் நீரில் வரும் சருகுகள், படித்துறை மூலையில் சுழன்று ஒதுங்கி நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடலடியிலுள்ள பள்ளத்தாக்குகளின் மேலும் அப்படிச் சுழல்கள் உண்டாகின்றன. அண்டார்டிக் தீபகற்பத்தை ஒட்டி, 1,400 மீட்டர் ஆழம்வரை இறங்கும் பால்மர் பள்ளத்தில் கிரில் திரள்கிறது. அதை உண்டு வாழும் அடேலி பெங்குவின்கள் அருகிலுள்ள தீவுகளில் கூடு கட்டுகின்றன. சருகுக்கு இல்லாத ஒரு வசதி கிரில்லுக்கு உண்டு: பெரும்பாலும் அது பகலில் ஆழத்துக்கு இறங்கி, இரவில் மேலேறும். நீரோட்டத்தின் வேகமும் திசையும் ஆழத்துக்கு ஆழம் மாறுவதால், மேலடுக்கு இழுத்துச் சென்ற தொலைவைக் கீழடுக்கு ஓரளவு மீட்டுக் கொடுப்பதும் உண்டு.

முட்டைக்கும் ஆழம் வேண்டும். பெண் கிரில் இடும் முட்டைகள் நீரைவிடக் கனமானவை. நாள்கணக்கில் மூழ்கிச் சென்று, பல நூறு மீட்டர் ஆழத்தில்தான் பொரிக்கும். பொரித்த குஞ்சு, தன்னிடமுள்ள கருவுணவை நம்பியே வாரக்கணக்கில் மேல்நோக்கி ஏறுகிறது. ஆழமற்ற திட்டின்மேல் இட்ட முட்டையோ, பொரிக்கும் முன்பே தரைதட்டி, அங்குள்ள உயிர்களுக்கு இரையாகிவிடக்கூடும்.

தென் அட்லாண்டிக் கடலிலுள்ள தெற்கு ஜார்ஜியா தீவைச் சுற்றிக் கிரில் ஏராளம். ஆயினும் அங்கே அது பெரிதாக இனப்பெருக்கம் செய்வதில்லை. அண்டார்டிக் தீபகற்பப் பகுதியிலிருந்து, இடையிலுள்ள ஸ்கோஷியா கடலைக் கடந்து நீரோட்டம் கொண்டுவந்து சேர்ப்பதே அங்குள்ள இருப்பு. வரத்து குறைந்த ஆண்டுகளில், அத்தீவின் பெங்குவின்களும் கடல்நாய்களும் தம் குட்டி குஞ்சுகளை வளர்க்கத் திணறுகின்றன.