சுறா இருக்கட்டும், முருங்கை மரத்தைப் பாருங்கள்

கேள்வி: மாதம் மூன்று தடவை நெட் நின்றுவிடுகிறது. கடலுக்கடியில் கேபிளைச் சுறா கடித்துவிட்டது என்கிறார் லைன்காரர். புது மோடம் வேறு வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? – தாம்பரம் வாசகர்

பதில்: வாங்காதீர்கள். மோடத்தில் 'எல்ஓஎஸ்' என்றொரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தால் உங்கள் வீட்டுக்கும் லைன்காரர் ஆபீசுக்கும் நடுவில்தான் கோளாறு. கடலில் என்ன நடந்தாலும் அந்த விளக்கு சிவக்காது.

சுறா கடித்ததே இல்லை என்று சொல்லவில்லை. 1980களில் கானரித் தீவுகள் பக்கம் போட்ட கேபிளில் சுறாப் பல்லே சிக்கியிருந்தது. ஆனால் கடல் கேபிள் பெரும்பாலும் அறுவது மீன்பிடி வலையாலும் நங்கூரத்தாலும்தான். தரையில், மரத்தோரம் போகும் கேபிளைக் கடிக்கும் அணில் அப்படியில்லை. அதன் முன்பல் சாகும்வரை வளரும், எதையாவது கொறித்தே ஆகவேண்டும். அமெரிக்காவில் லெவல் 3 என்ற நிறுவனம், 2011-ல் அந்த வருடம் அதுவரை நேர்ந்த தன் கேபிள் சேதத்தில் 17 சதவீதம் அணிலால் வந்தது என்று கணக்குச் சொன்னது.

போன மாதம் ஒரு மொட்டைமாடியில் பார்த்தேன். முருங்கைக் கிளையில் உரசிப்போன கேபிள், மக்காச்சோளம் கொறித்த மாதிரி ஓர் அங்குலத்துக்குத் தோல் போயிருந்தது. உள்ளே முடி கனத்தில் கண்ணாடி இழை, ஒடிந்து கிடந்தது. வந்த ஆள் அதற்குக் கறுப்பு டேப் சுற்றிவிட்டு 300 ரூபாய் கேட்டார்! கண்ணாடியை டேப் ஒட்டுமா? ஸ்ப்ளைசிங் மெஷினில் உருக்கி ஒட்டவேண்டும், இல்லையென்றால் அந்தத் துண்டையே மாற்றவேண்டும்.

கடல் மேல் பழி போட ஒரே ஒரு விலக்கு உண்டு. 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டா அருகே கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவிலும் நெட் மந்தமானது. மந்தமானது, கவனியுங்கள், நின்றுபோகவில்லை. அப்போது எல்ஓஎஸ் விளக்கு எரியாது. வெளிநாட்டுத் தளங்கள் இழுக்கும், உள்ளூர்த் தளங்கள் ஓடும். பக்கத்துத் தெருக்காரரும் இதையே புலம்புவார். உங்கள் வீட்டில் மட்டும் போனால் அது கடல் இல்லை.

மரத்தைத் தொடாத வழியில், இரும்புக் கவசம் போட்ட கேபிளாக இழுக்கச் சொல்லுங்கள். மின்கம்பிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். புகார் நம்பரை விடாதீர்கள். ஆள் வந்து ஏணி வைப்பதற்குள் 'சரிசெய்யப்பட்டது' என்று எஸ்எம்எஸ் வந்துவிடும், கேட்க நாதியில்லை. வெட்டியெடுத்த துண்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். பல் தடம் அதிலேயே தெரியும்.