"இவன் வாய் திறக்கமாட்டான் சார்"

அண்ணே, போன சனிக்கிழமை மேலூரிலிருந்து பையனைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். கட்ஆஃப் 178க்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா, எந்தக் காலேஜ் என்று கேட்டீர்கள், அதற்கு அன்றைக்கே பதில் சொல்லிவிட்டேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று சொன்னீர்களே, "மார்க் எடுத்துருவான், ஆனா வாய் திறக்கமாட்டான், இவனை எந்தக் கம்பெனிக்காரன் எடுப்பான்" என்று, அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

அன்றைக்கு அவனிடம் ஆறு கேள்வி கேட்டேன். ஆறுக்கும் பதில் சொன்னது நீங்கள். அவன் பாட்டுக்கு ஃபைல் ஓரத்தைக் கட்டை விரலால் உரித்துக்கொண்டிருந்தான், கிளம்பும்போது அந்த மூலையில் அட்டையே இல்லை.

நடுவில் போன் வந்து வெளியே போனீர்கள் இல்லையா, அந்தப் பத்து நிமிஷம் பையன் பேசினான். லீவு நாளில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மாமா கடையில் உட்காருவானாமே! "முகூர்த்த நாள்ல மல்லி விலை ஏறிக் கிடக்கும் சார். விலையைக் கேட்டதும் சில பேர் பூவைத் தொட்ட கையை எடுத்துருவாங்க. உடனே குறைக்கக் கூடாது, குறைச்சா முதல்ல ஏமாத்தப் பாத்தோம்னு நினைப்பாங்க. கால் கிலோ போடவா அக்கான்னு கேக்கணும்" என்றான். 17 வயசு! 1990இல் சலோவே, மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் உணர்வுசார் நுண்ணறிவு என்று எழுதியது ஏறக்குறைய இதைத்தான்: தன் உணர்வையும் அடுத்தவர் உணர்வையும் கவனிப்பது, இன்னதென்று பிரித்தறிவது, அதை வைத்து யோசித்து நடந்துகொள்வது.

அடுத்தவர் மனசு அவனுக்குத் தெரிகிறது. தன் மனசுதான் தகராறு. கெமிஸ்ட்ரியில் 71 வந்தபோது எப்படி இருந்தது என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல சார்." கொஞ்சம் விட்டுப் பிடித்தேன். "அப்பா ரெண்டு நாள் பேசல" என்றான். நான் கேட்டது அவனை, அவன் சொன்னது உங்களை.

இன்டர்வியூவில் "எதிலாவது சறுக்கியிருக்கிறாயா, அப்புறம் என்ன செய்தாய்" என்று கேட்பது சகஜம், அங்கேயும் இவன் ஒண்ணுமில்ல என்றுதான் சொல்லுவான். வேலைக்குப் போன பிறகு இன்னும் கஷ்டம். என் கதையே இருக்கிறது: முதல் வேலையில் மூணாவது மாசம், மேலதிகாரி எல்லார் முன்னாலும் ஒரு தப்பைச் சுட்டிக்காட்டினார் என்று அன்று சாயங்காலமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். தப்பு என்னுடையதுதான். எனக்கு வந்தது கோபமில்லை, வெட்கம், அது புரியவே ரொம்ப நாள் ஆனது.

இதற்காக பணம் கட்டி பர்சனாலிட்டி டெவலப்மென்ட் வகுப்பில் சேர்த்துவிடாதீர்கள். வெற்றியில் 80 சதவீதம் உணர்வுசார் நுண்ணறிவுதான் என்று நோட்டீஸ் அடிப்பார்கள், அந்தக் கணக்குக்கு ஆதாரம் கிடையாது. கோடிங் தெரியாதவனை மனசைப் படிக்கிறான் என்பதற்காக யாரும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள், அவன் படிக்கத்தான் வேண்டும்.

உங்கள் பங்குக்கு ஒன்று செய்யலாம். இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேண்டிய காலேஜ்களை விருப்ப வரிசையில் பதிவது, வரும்போது அந்த வரிசையை முதலில் அவனே எழுதட்டும். ஏன் இந்தக் காலேஜ் மேலே, ஏன் அது கீழே என்று கேளுங்கள், கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள், ரொம்ப நேரம் பதில் வராது, அந்த நேரத்தில் நீங்கள் வாயைத் திறந்தால் போச்சு. ஒத்துவராத வரிசையாக இருந்தால் மறுநாள் பேசி மாற்றிக்கொள்ளலாம். மார்க் குறைந்தால் திட்டிக்கூட விடுங்கள், ரெண்டு நாள் பேசாமல் இருப்பது மட்டும் வேண்டாம். சாப்பாடு தூக்கம் இல்லாமல் ஒதுங்கியே கிடந்தால் என்னிடம் வரக் காத்திருக்காமல் 14416க்குக் கூப்பிடுங்கள், அரசு மனநல உதவி எண், ராத்திரியிலும் எடுப்பார்கள், காசு கிடையாது.

அடுத்த முறை அவனை மட்டும் மாடிக்கு அனுப்புங்கள். கீழே டீக்கடை இருக்கிறது, வடை சுமாராக இருக்கும், ஒரு முக்கால் மணி நேரம் அங்கே உட்கார்ந்திருங்கள்.