கையில் பத்தாயிரம்தான் இருக்கிறது, ஸ்கூபாவுக்குப் பழைய பிசிடி வாங்கலாமா?

வாங்கலாம். பிசிடி என்றால் காற்றை ஏற்றி இறக்கி நம்மை மிதக்கவும் அமிழவும் வைக்கிற சட்டை. நான் பழையது ஒன்று வாங்கினேன், இன்னமும் அதைப் போட்டுக்கொண்டுதான் பாண்டிக் கடலில் இறங்குகிறேன். எனக்கு ஊர் கடலூர் ஓ.டி. நீங்களும் என்னை மாதிரி ஸ்கூபா கோர்ஸ் முடித்து, டைவர் கார்டு கைக்கு வந்த சூட்டோடு கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மேலே ஒருவர் "காசு இல்லாதவன் எதுக்குக் கடலுக்குள்ள போகணும்" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் காசு இல்லாததால்தான் தினமும் கடலுக்குள் போகிறார்கள்.

ஆனால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கம் டைவ் கட்டணத்தில் பெரும்பாலும் பிசிடியும் சேர்ந்தே வந்துவிடும். சொந்தமாகக் கொண்டுபோனால் எவ்வளவு குறைப்பார்கள் என்று முதலில் கேளுங்கள். எனக்கு ஒரு டீச்செலவுதான் குறைந்தது. வருடத்துக்கு நாலு டைவ் என்றால் பிசிடியை மறந்துவிட்டு, முகத்துக்குச் சரியாகப் பொருந்துகிற மாஸ்க் ஒன்று வாங்குங்கள். நான் வாங்கியது கணக்குப் பார்த்து இல்லை, ஆசையில்.

வெளிநாடு கிளம்பிய ஒருவரிடம் 8,500 ரூபாய்க்கு எடுத்தேன். ஜாக்கெட் வகை. துணி சாயம் போகவில்லை, ஜிப் ஓடியது, பக்கிள் எல்லாம் டக் டக்கென்று மாட்டியது. முகர்ந்துகூடப் பார்த்தேன், பூஞ்சை வாடை இல்லை. சட்டைக்குள் காற்று ஏற்றுகிற இன்ஃப்ளேட்டர் பட்டனை மட்டும் பேருக்கு ஒரு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

மூன்றாவது டைவ், 12 மீட்டர் ஆழம். கொஞ்சம் காற்று ஏற்றிவிட்டுக் கையை எடுத்தேன். உடம்பு மெதுவாக மேலே போனது. அதிகமாக மூச்சு இழுத்துவிட்டோம் என்று நினைத்து முழுதாக வெளியே விட்டேன். அப்போதும் போனது. இன்ஃப்ளேட்டரைத் தூக்கிப் பிடித்துக் காற்றை விட்டேன், நின்றது, மறுபடி கிளம்பியது. அதற்குள் சட்டை வயிற்றைப் பிடிக்க ஆரம்பித்திருந்தது. பத்து மீட்டரில் ஒரு லிட்டராக இருக்கிற காற்று நீர்மட்டத்துக்கு வரும்போது இரண்டு லிட்டர். அதனால் மேலே போகப் போக வேகம் கூடும். பாடத்தில் படித்து, பரீட்சையில் சரியாக டிக் அடித்த விஷயம்தான். அந்த நேரத்தில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கூட வந்த இன்ஸ்ட்ரக்டர் என் காலைப் பிடித்து இழுத்து, சிலிண்டரிலிருந்து இன்ஃப்ளேட்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றிவிட்டார். அப்புறம் தோள்பட்டை வால்வின் கயிற்றை இழுத்தார். கையில் கட்டியிருந்த டைவ் கம்ப்யூட்டரில் ஆழம் ஏழு மீட்டர் காட்டியது. கடவுள் புண்ணியம், ஒன்றும் ஆகவில்லை.

படகில் ஏறியதும் அவர் இன்ஃப்ளேட்டரைத் தன் உள்ளங்கையில் தட்டினார். வெள்ளையாகப் பொடி விழுந்தது. உப்பு. அதில் பட்டன் சிக்கி, காற்று தானாக உள்ளே போய்க்கொண்டே இருந்திருக்கிறது. "சார், நீங்க சட்டைக்குக் காசு குடுத்திருக்கீங்க, பட்டனுக்குக் குடுக்கல" என்றார்.

அன்றைக்கே இன்ஃப்ளேட்டரை முழுதாக மாற்றச் சொல்லிவிட்டேன். அதற்கு 3,500 ஆனது. அதனால் உங்கள் பத்தாயிரத்தில் மூவாயிரத்துச் சொச்சத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியில் பேரம் பேசுங்கள்.

வாங்கும் முன் வாயால் ஊதி, கல் மாதிரி ஆக்கி, ராத்திரி முழுக்க வைத்துப் பாருங்கள். காலையில் தொய்ந்திருந்தால் எங்கேயோ கசிகிறது. சைக்கிள் கடையில் டியூபைத் தொட்டியில் அமுக்குவார்களே, அதே மாதிரி தண்ணீரில் அமுக்கினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். வால்வில் வந்தால் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையமோ மண்ணோ, சரிசெய்துவிடலாம். தையல் ஓரத்தில் வந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். காலியான சட்டையைக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே சரசரவென்றால் உப்பு கட்டியிருக்கிறது. கடைசியாக, டைவ் கடையில் சிலிண்டரோடு மாட்டச் சொல்லி, பட்டனை இருபது தரமாவது அமுக்கி அமுக்கி விட்டுவிட்டு, காது வைத்துக் கேளுங்கள். விற்பவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

தூக்கும் திறன் எவ்வளவு என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நாம் போடுவது மெல்லிய சூட். 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது சட்டை கூடுதலாகத் தாங்க வேண்டிய காற்றின் எடையே இரண்டரை கிலோ சொச்சம்தான். 13 கிலோ தூக்கினால் நம் கடலுக்குத் தாராளம். தண்ணீரில் அமிழ்வதற்கான எடைக்கட்டியைச் சட்டையிலேயே செருகுகிற மாடல் என்றால் அந்த இரண்டு பைகளும் கூடவே வருகிறதா பாருங்கள். பழைய மாடலுக்குத் தனியாகத் தேடினால் கிடைப்பது கஷ்டம். பெல்ட்டில் கட்டிக்கொள்வது இன்னும் மலிவு.

டைவ் மாஸ்டர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சர்வீஸ் செய்யாமல் போட்டுக்கொள் என்று நான் சொல்லவில்லை. மூச்சு விடுகிற ரெகுலேட்டரைப் பழையதாக வாங்கு என்றும் சொல்லவில்லை.

கழுவுவது தனிக் கதை. வாய்க்குழாய் வழியாக உள்ளே நல்ல தண்ணீர் ஊற்றி, குலுக்கி, கவிழ்த்து, மறுபடியும் ஊற்ற வேண்டும். எங்கள் வீட்டு போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவுவதும் ஒன்று, கடலிலேயே விட்டுவிட்டு வருவதும் ஒன்று. பைப்பில் வருகிற நல்ல தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். "குடிக்கிற தண்ணியையாடா இதுக்கு ஊத்துற" என்று அம்மா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்கிறார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பாண்டியிலிருந்து பெரிய பையோடு பஸ்ஸில் திரும்பி வந்து பாருங்கள். ஒரு சோதனைச்சாவடியில் என்னை இறக்கி, ஈரச் சட்டையை ரோட்டோரம் விரிக்கச் சொல்லி, "ஒரு சட்டைக்கு எதுக்குடா இத்தனை பாக்கெட்?" என்று ஒவ்வொன்றிலும் கையை விட்டுத் தேடினார்கள். கிடைத்தது ஒரு நண்டுக் கால். பஸ் போய்விட்டது. வாழ்க்கையில் சாராயம் தொட்டவன் இல்லை நான். பின்னால் காரில் வந்தவர்களை யாரும் கையைக்கூடக் காட்டி நிறுத்தவில்லை.

சரி, கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். என்னுடையது எல் சைஸ், இப்போது கொஞ்சம் இறுக்கம்தான். ஆனால் விற்கிற எண்ணம் இல்லை.